அரை விநாடிப் பதில்

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் தேவசகாயம். எந்தக் கருவி பழுதானாலும் அந்தப் பிரிவின் திரையில் எச்சரிக்கை வரும். யாராவது பட்டனை அமுக்கினால் 'பதில் தரப்பட்டது' என்று நேரத்தோடு பதிவாகும். அந்த நேரத்தைக் காட்டியே அவர் இரண்டு விருது வாங்கியிருந்தார்.

ஒருநாள் ஒப்பந்த ஊழியர் சுடலைவடிவைக் கூப்பிட்டார். "இப்ப நாப்பது விநாடி ஆகுது. திங்கக்கிழமை சேர்மன் அம்மா வர்றப்போ ஒரே விநாடியில பதில் வரணும். இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"அரை விநாடியில வர வைக்கிறேன் சார்," என்றாள் அவள்.

திங்கட்கிழமை சேர்மன் டாக்டர் மீனலோசனி வந்து உட்கார்ந்தார். சுடலைவடிவு போனில் சொல்ல, ரத்த வங்கி நர்ஸ் காலி ஃப்ரிட்ஜ் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினார். திரையில் எச்சரிக்கை வந்தது. அரை விநாடியில் பதிலும் பதிவானது. தேவசகாயம் கைதட்டினார்.

"பதில் தந்தது யாரு?" என்றார் டாக்டர்.

"நான் எழுதின புரோகிராம்தாம்மா," என்றாள் சுடலைவடிவு. " அதுவே பட்டனை அமுக்கிரும். ஆளுங்க எல்லாரும் கேன்டீன்ல இருக்காங்க."

"அப்ப ஃப்ரிட்ஜ்?"

"அப்படியேதான் இருக்கு. பட்டனைத்தான் இத்தனை நாளும் அளந்தோம். ஆள் போய்ச் சேர்றதை யாரும் அளக்கல."

டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக் காத்திருந்தார். ஆள் வந்துவிட்டதாக நர்ஸ் போன் செய்தபோது முப்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"உள்ள ரத்தம் இருந்திருந்தா..." என்றவர், எழுந்து சுடலைவடிவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே நேரத்தை நீ அளம்மா. எச்சரிக்கை வந்தா முதல்ல தேவசகாயம் ஓடட்டும்."