முள்ளம்பன்றி கண்ட ஊற்று

ஒரு காட்டில் வாழ்ந்த முள்ளம்பன்றிக்கு, மண்ணுக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதில்தான் ஆசை. கோடைதோறும் காய்ந்த ஓடையில் இறங்கும். மண்ணை முகர்ந்து பார்க்கும், தோண்டும், யோசிக்கும். கடைசியில், ஓடை வளையும் இடத்தில், ஒரு பெரிய பாறைக்குக் கீழே வற்றாத ஊற்று இருப்பதைக் கண்டுபிடித்தது.

அந்தக் காட்டில் அறிஞர் சபை ஒன்று இருந்தது. கரடிதான் தலைவர். யார் எதைக் கண்டுபிடித்தாலும் சபை சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியில் சொல்ல வேண்டும். முள்ளம்பன்றி சொன்னதைக் கரடி பொறுமையாகக் கேட்டது. ஆற்று மணலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. அடுத்த முறை போனபோது, ஏரிக்கரை மண்ணையும் பார்த்துவிட்டு வரச் சொன்னது. அதற்கும் அடுத்த முறை, கரடி தேன் எடுக்கப் போயிருந்தது.

அதே காட்டில் ஒரு மைனாவும் இருந்தது. அது சபைப் பக்கமே போனதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் தினமும் காலையில் மருதமரக் கிளையில் உட்கார்ந்து சொல்லிவிடும். பிடித்திருந்தால் கிளிகள் அதையே காடு முழுக்கத் திரும்பச் சொல்லும். எத்தனை கிளிகள் சொல்கின்றன என்று மைனா ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் ஒரு படிப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே முள்ளம்பன்றி சபைக்கு நடக்கும்.

அந்த வருடம் மழை இல்லை. குளம் சேறானது, சேறும் காய்ந்து வெடித்தது. மான்குட்டிகள் நிற்க முடியாமல் படுத்துவிட்டன. ஒரு மூங்கில் புதர் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்த மைனா, அதன் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அறிவித்தது. கிளிகள் அதைப் பரப்பின. விலங்குகள் எல்லாம் ஓடிப்போய்ப் பகல் முழுக்கத் தோண்டின. புழுதிதான் வந்தது.

மறுநாள் மைனாவின் குரல் கம்மியிருந்தது. ஆனாலும் அதே கிளைக்கு வந்தது.

"நேற்று நான் சொன்னது தப்பு. பச்சையைப் பார்த்ததும் அவசரப்பட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்," என்றது.

இதை மட்டும் எந்தக் கிளியும் திரும்பச் சொல்லவில்லை. கீழே கூட்டத்தில் முள்ளம்பன்றியும் நின்றிருந்தது. பக்கத்தில் நின்ற கரடியைப் பார்த்தது. சபை இன்னும் முடிவு செய்யவில்லையே என்றது கரடி. அதன் நாக்கும் வறண்டுதான் போயிருந்தது.

"சபை முடிவு செய்யும்போது அதைக் கேட்க யாராவது உயிரோடு இருக்க வேண்டாமா, ஐயா?" என்றது முள்ளம்பன்றி. பிறகு மரத்தடிக்குப் போய், ஊற்று இருக்கும் இடத்தையும், அதைத் தான் கண்டுகொண்ட விதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னது. பாறைக்கு மேற்கே தோண்டச் சொன்னது.

கூட்டத்திலிருந்து ஒரு காட்டுப்பன்றி குறுக்கிட்டது. போன வெள்ளத்தில் பாறை சரிந்து மேற்குப் பக்கம் அடைபட்டுவிட்டது, கிழக்கே தோண்டினால்தான் வழி கிடைக்கும் என்றது.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இத்தனை கோடைகளாகப் பார்த்துச் சொன்னதில் வந்து ஒருவர் குறை கண்டுபிடிப்பதா? ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அது அந்தப் பக்கம் போகவே இல்லை. சபைக்கு நடந்து திரும்பவே பொழுது சரியாக இருந்தது. சிலிர்த்த முட்கள் மெல்லப் படிந்தன.

"நீ சொல்வதுதான் சரி. கிழக்கிலேயே தோண்டுவோம்," என்றது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பீறிட்டது. மற்ற விலங்குகள் மான்குட்டிகளை முதலில் குடிக்கவிட்டன. கரடியும் வரிசையில் நின்று வயிறு நிறையக் குடித்தது.

அதன்பிறகு மைனா, கிளைக்கு வருமுன் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரப் பழகியது. முள்ளம்பன்றியும் தான் பாதி கண்டதைக்கூட மரத்தடியில் சொல்லி, மற்றவர்களைக் கேட்டுத் திருத்திக்கொண்டது. சபை மழைக்காலத்தில் கூடி, அந்த ஊற்றில் தண்ணீர் இருக்க வாய்ப்பு உண்டு என்று ஒருமனதாக முடிவு செய்தது.

நன்றாக ஆராய்வதோடு, அறிந்ததைத் தேவையான நேரத்தில் எல்லோரிடமும் சொல்லி, தவறு என்று தெரிந்தால் அங்கேயே திருத்திக்கொள்பவரின் அறிவுதான் பிறருக்குப் பயன்படும்.