புலியோட கோட்டுத் துணி

ஒரு காட்டுல ஊசிக்குப் பஞ்சமே இல்லாத தையக்காரர் ஒருத்தர் இருந்தாரு. யாருன்னு கேக்குறீங்களா? முள்ளம்பன்றி. முதுகுலேருந்து ஒண்ணைப் புடுங்குவாரு, நூலைக் கோப்பாரு, தைக்க ஆரம்பிச்சிடுவாரு.

ஒருநாள் புலி ஒரு அருமையான கம்பளித் துணியோட வந்துச்சு. மகளுக்குக் கல்யாணமாம். தனக்கு மூணு பித்தான் வச்ச கோட்டு வேணுமாம்.

"மழை விட்டதும் அளவு குடுக்க வரேன். அதுவரைக்கும் பத்திரமா வை. துணி பாழாச்சுன்னா உன் தோலை உரிச்சு ஒட்டுப் போட்டுக்குவேன்."

முள்ளம்பன்றி மரப்பொந்துல இருந்த அலமாரியைத் திறந்தாரு. வெட்டின துண்டு, துவைக்காத சால்வை, யாரும் வாங்க வராத சட்டைன்னு உள்ள ஒரே அடைசல். அடுக்கி வைக்கச் சோம்பல். துணியைப் பட்டையா மடிச்சு நடுவுல செருகி, வேப்பிலைக் கொத்து ஒண்ணைப் போட்டு மூடிட்டாரு.

மூணாம் நாள் உள்ளேருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்துச்சு. அந்துப்பூச்சி.

"அண்ணே, புலிக்கு மூக்கு கூர்மை. துணியில வேப்பிலை வாசம் ஏறிடுச்சுன்னா யாரை உரிப்பாரு?"

வேப்பிலையை எடுத்து வெளிய வீசிட்டாரு.

"கதவையும் திறக்காதீங்கண்ணே. வெளிச்சம் பட்டா சாயம் போயிடும்."

அதையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் தினமும் கதவுல காதை வச்சு, துணி எப்படி இருக்குன்னு விசாரிப்பாரு. சௌக்கியமா இருக்குன்னு பதில் வரும். வர வர அந்தக் குரல் கொழுத்துக்கிட்டே போச்சு.

மழை விட்டுச்சு. இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த எதிர்மரத்து மைனா இறக்கையைக் காய வச்சுக்கிட்டே கேட்டுச்சு: "ஏன் மாமா, கதவைத் திறக்காதேன்னு சொன்ன ஆளு எங்க குடியிருக்கான்?"

"அலமாரிக்குள்ள..."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைச்சுது. ஓடிப்போய்த் திறந்தாரு. துவைக்காத சால்வையில ஆரம்பிச்சு, பூச்சியோட பிள்ளைங்க வரிசையா உக்காந்து விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. புலித் துணியில, மடிப்போட ஓரத்துல, ஒரே ஒரு ஓட்டை.

பின்னாடி சருகு நொறுங்குற சத்தம். புலி.

"பிரிச்சுக் காட்டு."

முதல் மடிப்பைப் பிரிச்சாரு. ஒரு ஓட்டை. ரெண்டாவது மடிப்பு, ரெண்டாவது ஓட்டை. மூணு. நாலு. மடிச்சு வச்ச துணியாச்சே, ஒரு ஓட்டை எல்லா மடிப்பையும் துளைச்சிருந்துச்சு. நாலும் நேர்வரிசையா நின்னுச்சு.

"என்ன இது?" புலியோட நகம் வெளிய வந்துச்சு.

முள்ளம்பன்றி சொன்னாரு: "பித்தான் ஓட்டைங்க. முன்கூட்டியே போட்டு வச்சேன்."

புலி எண்ணிப் பாத்துச்சு. நிதானமா.

"நான் மூணுதானே சொன்னேன்?"

முள்ளம்பன்றி மேல் ஓட்டையைத் தொட்டுக் காட்டினாரு.

"மேல இருக்குறது... மகளைப் பெத்தவரு நெஞ்சுல பூ குத்திக்க வேணாமா?"

புலி குனிஞ்சு தன் நெஞ்சைப் பாத்துச்சு. அப்புறம் நகம் மெதுவா உள்ள போச்சு. "சிவப்புப் பூவா பாத்து வை"ன்னுட்டுப் புலி கையைத் தூக்கி அளவு குடுத்துச்சு.

புலி போனதும் முள்ளம்பன்றி நேரா அலமாரிக்குப் போனாரு. உள்ள இருந்த அத்தனையையும் வெயில்ல போட்டு உதறினாரு.

உள்ளேருந்து அந்துப்பூச்சி கத்துச்சு: "அண்ணே, கதவு, கதவு."

"மறக்கல"ன்னு சொல்லிட்டு, கதவையே கழட்டி வெளிய வச்சாரு.

நீதி: திறக்காதேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கான்னு முதல்ல பாரு.