பாதி மானியத்துக்குப் பாதி ஆராய்ச்சி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்குத் திடீரென்று ஆராய்ச்சியின் மேல் ஆசை வந்தது. புதிதாக எதையாவது கண்டறிய நினைப்பவர்கள் அரண்மனையில் மானியம் கேட்கலாம் என்று முரசு அறைவித்தார்.

முதலில் வந்தவர் வைத்தியர் திருமேனிநாதர். மலையூர்களில் விஷக்காய்ச்சல் பரவி ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மருந்தாகும் கொடி அந்த மலையிலேயே இருந்தது. ஆனால் அதே இலையும் அதே பூவுமாக, ஆளைக் கொல்லும் நச்சுக்கொடியும் பக்கத்தில் படர்ந்திருந்தது. இரண்டையும் பிரித்தறியத்தான் பணம் கேட்டார். அவரைச் சபைக்கு அழைத்து வந்தவன் அரசவை விகடன் அழகப்பிரான்.

விகடனைக் கண்டாலே கருவூலத் தலைவர் வில்லவராயருக்கு ஆகாது.

“அரசே, கேட்டதில் பாதி போதும். கெட்டிக்காரர்கள் அதிலேயே முடிப்பார்கள். முடியாவிட்டால், சிபாரிசு செய்த விகடர் நாட்டை விட்டுப் போகட்டும்!”

அரசருக்கு இந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. “அப்படியே ஆகட்டும். ஒரு மாதம் கெடு” என்றார்.

அழகப்பிரான் பயந்தது போலவே, கொடிகளைப் பறித்து வந்து, வேரின் நிறத்தைக் கொண்டு இரண்டு வகையாகப் பிரித்த ஆட்களின் கூலிக்கே பணம் சரியாகிவிட்டது; எந்த வகை மருந்து என்று சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. வைத்தியர் அழகப்பிரானைத் தேடி வந்தார்.

“இனி என்ன செய்வது, தம்பி?”

“இரண்டையும் தனித்தனியே காய்ச்சிக் கொடுங்கள், ஐயா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

கெடு நாளில் அழகப்பிரான் இரண்டு கிண்ணங்களோடு சபைக்குப் போனான்.

“அரசே, பாதிப் பணத்துக்குப் பாதி ஆராய்ச்சி முடிந்தது. இவற்றில் ஒன்று மருந்து, மற்றது விஷம்.”

“எது மருந்து?”

“அது மீதிப் பாதி, அரசே.”

வில்லவராயர் துள்ளி எழுந்தார். “பார்த்தீர்களா! இன்னும் பணம் பறிக்கப் பார்க்கிறான்!”

“பணமே வேண்டாம், ஐயா. இப்போதே முடித்துவிடலாம்.” அழகப்பிரான் கிண்ணங்களை அவரிடம் நீட்டினான். “தாங்கள் ஒன்றைக் குடியுங்கள். பிழைத்தால் அதுதான் மருந்து. பிழைக்காவிட்டாலும் கவலையில்லை, மற்றது மருந்து என்று தெரிந்துவிடும்.”

வில்லவராயர் கிண்ணங்களைப் பார்த்தார். அரசரைப் பார்த்தார்.

“யோசித்துப் பார்த்தால், அரசே... மீதியையும் கொடுப்பதே முறை.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பணம் அன்றே கைக்கு வந்தது. மழைக்கு முன்பே வைத்தியர் மருந்துக்கொடியை இனம்கண்டார். மலையூர்களில் காய்ச்சல் அடங்கியது.

அரசர் தம் கைக்கடகத்தைக் கழற்றி அழகப்பிரானுக்கு அணிவித்தார். “இனி மானியம் வழங்கும் பொறுப்பும் உனக்கே.”

“கடகம் போதும், அரசே. பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால் நான் என்ன உளறினாலும் எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் என் தொழில் கெட்டுப்போகும்!”

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். இம்முறை வில்லவராயரும் சேர்ந்து சிரித்தார்.