ஜூன் மாசம் மேலே போன பந்து

வெல்டர் இருதயசாமி வாயைத் திறந்தால் கேன்டீனில் எல்லார் டீயும் ஆறிப்போகும். அன்றைக்கு அவர் திறந்ததற்குக் காரணம் இருந்தது. ஓசூர் பம்பு கம்பெனியில் பேஸ்பால் அணி தொடங்கப்போகிறார்கள். கோச் ஆகிறவருக்கு மூன்று மாசம் ஷிப்டே கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுக்க பர்சனல் ஆபீசர் வரதராஜுலு நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் இன்ஸ்பெக்‌ஷன் செங்கமலம். கல்லூரி அணியில் மூன்று வருஷம் பேஸ்பால் ஆடியவள். கோச் வேலை தனக்குத்தான் என்று வந்தவள், ஆபீசர் ஆவென்று இருதயசாமியையே பார்ப்பதைக் கண்டு வடையை வெறுப்போடு கடித்தாள்.

"டெக்ஸாஸுக்கு மிஷின் ட்ரெயினிங் போனேனே சார், அப்ப ஒரு சீசன் அவுட்ஃபீல்டர். மைதானத்துக் கடைசியில நின்னு, தூக்கி அடிக்கிற பந்தைப் பிடிக்கிற ஆளு. எல்லாரும் கையில உறை போட்டுக்குவாங்க. நான் சட்டைப் பையைத் திறந்து காட்டுவேன். பந்து தானா வந்து உக்காரும்."

"எந்த டீமுண்ணே?"

"பேரு உன் வாயில நுழையாதும்மா. ஒருநாள் ஒருத்தன் அடிச்சான் பாருங்க, பந்து ஸ்டேடியத்தைத் தாண்டிப் போயிடுச்சு. விடுவேனா? ரோட்டுல பஸ் பிடிச்சு, அடுத்த ஊருல இறங்கி, பிடிச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பினேன்."

"டிக்கெட் எடுத்தீங்களா?"

"டிரைவர் நம்ம ரசிகர்!"

மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார். இருதயசாமி பெயரை எழுதிவிடுவாரோ என்று செங்கமலம் வடையை வைத்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை ஏண்ணே ஒரே சீசனோட அனுப்பிட்டாங்க?"

இருதயசாமி குரலைத் தாழ்த்தினார். "அது பெரிய சோகம். ஜூன் மாசம் ஒருத்தன் நேரா மேல அடிச்சான். பந்து போச்சு... போச்சு... போயிட்டே இருந்துச்சு. பிளேன் ஓட்டுறவன் ஒதுங்கி வழி விட்டான். நான் கீழ நிக்கிறேன். நகர்ந்தா கேட்ச் போயிடுமே! என்னைச் சுத்தி மத்த ஆட்டமெல்லாம் நடந்துச்சு. மழை பெஞ்சுது. தோள்ல புறா முட்டை வெச்சு, குஞ்சு பொரிச்சு, அதுங்களும் பறந்து போச்சு. அக்டோபர்ல சீசனே முடிஞ்சு, ஸ்டேடியத்தைப் பூட்டிட்டு எல்லாரும் போயிட்டாங்க. மறுநாள் காலைல தொப்புனு விழுந்துச்சு சார் பந்து, ஐஸ்கட்டி மாதிரி. பிடிச்சேன்!"

"அட பாவமே," என்றாள் செங்கமலம். "அப்ப நீங்க பந்து பிடிச்சதை அங்க ஒருத்தர்கூடப் பாக்கல."

"ஒருத்தன்கூடப் பாக்கலம்மா!" சோகத்தின் உச்சியில் நெஞ்சிலேயே அறைந்துகொண்டார் இருதயசாமி. கை நெஞ்சில் இருக்கும்போதே, சாட்சி யாரும் இல்லையென்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது உறைத்துவிட்டது.

வரதராஜுலு நோட்டில் ஒரு பெயரை எழுதினார். "செங்கமலம், உனக்கு இனிஷியல் என்னம்மா?"

அப்புறம் இருதயசாமியைப் பார்த்தார். "நீ அஞ்சு மாசம் நின்னு களைச்சிருப்ப. போய் உக்காந்து வெல்டிங் பண்ணு."