கரடி விட்டுக்கொடுத்த கைதி

காட்டின் கடைக்கோடியில், மரங்கள் முடிந்து முட்புதர் தொடங்கும் இடத்தில், சடையன் என்ற கரடி காவல் அதிகாரியாக இருந்தது.

சிங்கராஜாவின் சட்டம் அவ்வளவு தூரம் வந்து சேராது. அங்கே சட்டம் என்றால் சடையனின் குகைதான். குற்றம் சாட்டப்பட்ட மிருகம் அதற்குள் போய்விட்டால், விசாரணை முடியும்வரை யாரும் அதன்மேல் கைவைக்கக் கூடாது. சிறுத்தையே ஒருமுறை வாசல்வரை வந்து, சடையன் எழுந்து நின்றதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறது.

இத்தனை பெயர் எடுத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பக்கத்து ஏரிக்கரை மிருகங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஏரித் தலைவர் தேர்தலில் நிற்க வேண்டும் என்று சடையனுக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகளின் குட்டி ஒன்று காணாமல் போனது. பழி வேலாயி என்ற காட்டுப்பூனைமேல் விழுந்தது. வேலாயி தப்பி ஓடவில்லை. நேராகக் குகைக்கே வந்தது.

"அந்தக் குட்டியை நான் தொடவே இல்லண்ணே. விசாரிக்கிற வரைக்கும் என்னைக் காப்பாத்துங்க."

"உள்ள போய் உக்காரு. என்னைத் தாண்டி ஒருத்தனும் வர முடியாது" என்றது சடையன். மனதாரத்தான் சொன்னது.

சாயங்காலம் பன்றிக் கூட்டம் வந்தது. அதன் தலைவன் கொம்பையா சத்தம் போடவில்லை. ஏரிக்கரையில் பன்றிகளின் வாக்குதான் அதிகம் என்பதை மெதுவாக நினைவூட்டியது.

"உங்களை எதுவும் செய்யச் சொல்லல. கொஞ்ச நேரம் கரையான் புத்துப் பக்கம் போய்ட்டு வாங்க, போதும்."

தலைவரானால் இன்னும் எத்தனை உயிர்களைக் காப்பாற்றலாம் என்று சடையன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. புற்றை நோக்கி நடந்தது. "அண்ணே, அண்ணே" என்று வேலாயி கூப்பிட்டது காதில் விழாமல் இல்லை. மூக்கைப் புற்றுக்குள் நுழைத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது குகைத் தரையெல்லாம் ரத்தம்.

மறுநாள் காலை, காணாமல் போன குட்டி சேறும் சகதியுமாக வந்து நின்றது. வேறொரு கூட்டத்தோடு கிழங்கு தோண்டப் போயிருந்ததாம். சடையன் இனித் தங்களைக் கேள்வி கேட்காது என்று பன்றிகளுக்குத் தெரியும். தேர்தலன்று ஒன்று விடாமல் அதற்கே வாக்களித்தன.

சடையன் தலைவரானது. மாலையும் மரியாதையும் கிடைத்தன. குகைக்குத்தான் யாரும் வரவில்லை.

கோடையில் ஒரு நாள், செந்நாய்கள் ஒரு முயலுக்குத் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்தி வந்தன. சடையன் வாசலில் எழுந்து நின்றது. இந்த ஓர் உயிரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"உள்ள வா! நான் இருக்கேன்!" என்று கத்தியது.

முயல் ஒரு கணம் நின்றது. கரடியைப் பார்த்தது. பிறகு குகையை விட்டு விலகி, வெட்டவெளியை நோக்கி ஓடியது. செந்நாய்கள் அதிக தூரம் துரத்த வேண்டியிருக்கவில்லை.

நம்பி வந்தவரை ஒருமுறை கைவிட்ட காவலன், பிறகு மனம் திருந்தினாலும் யாரையும் காப்பாற்ற முடியாது.