எப்சிபாய் உட்கார்ந்த இடம்

உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஒரு கிறிஸ்தவ சபை இருந்தது. அதன் குருவானவர் அருமைநாயகம். வயது அறுபத்தொன்று. அவருக்குத் துணையாக ஊழியம் செய்த உபதேசியார் ஏசுவடியான் அவரைவிட ஏழு வயது இளையவர். ஒரு காலத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அருமைநாயகம்தான். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் ஏசுவடியான் அவரிடம்தான் கேட்பார்.

அந்தச் சபையில் ஒரு பெண் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். பெயர் எப்சிபாய். தெற்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பூவரசு நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்காருவாள். உள்ளே எல்லாரும் எழுந்தால் அவளும் எழுவாள். அவர்கள் முழங்காலிட்டால் அவளும் மணலில் முழங்காலிடுவாள். மழை வந்தால் குடை பிடித்துக்கொள்வாள். ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வருமுன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். பத்தொன்பது வருஷம் இப்படி நடந்தது.

அவள் மாசானமுத்து என்ற உப்பளத் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவர்கள் சாஸ்தா கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அந்த மாதமே சபை அவளை நீக்கியது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்போதுதான் ஊழியத்துக்கு வந்திருந்த அருமைநாயகம். பிறகு அவர் மாற்றலாகி ஊர் ஊராகப் போனார்.

பதினோரு வருஷம் கழித்து மாசானமுத்து மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அடுத்த ஞாயிறு எப்சிபாய் கோயில் வாசலில் வந்து நின்றாள். சபை முன்னால் நின்று, செய்தது பாவம் என்று அறிக்கையிட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சபைக் கமிட்டி சொன்னது. அவள் கோயிலைச் சுற்றி நடந்து, தெற்கு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அருமைநாயகம் அதே சபைக்குத் திரும்பி வந்தார். முதல் வாரமே அவள் வீட்டைத் தேடிப் போனார்.

"சபை முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நான் பக்கத்துலயே நிக்கேன்."

"எந்த வார்த்தை ஐயா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவரோட இருந்த பதினோரு வருஷம் பாவம்னா? கர்த்தர்கிட்ட நான் தினமும் பேசுதேன் ஐயா. மத்த எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கேன். இதை மட்டும் அவர் ஒரு நாளும் எங்கிட்டக் கேட்டதில்லை. அவர் கேக்காததை நான் எப்படிச் சொல்ல?"

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

கமிட்டியில் மூன்று தடவை பேசிப் பார்த்தார். மூன்றாம் தடவை செயலாளர் தங்கையா பழைய தீர்மானத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது நீங்க போட்ட கையெழுத்துதானே ஐயா?"

அதற்குப் பிறகு அவர் கமிட்டியில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை எப்சிபாய் இறந்தாள். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. மணி அடிக்கக் கூடாது. குருவானவர் அங்கி போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஜெபப் புத்தகமும் கூடாது.

மாசானமுத்துவின் தம்பி சுடலை ஒரு வாக்குவாதமும் செய்யவில்லை.

"மதினி எங்க வீட்டு ஆளு. எங்க எடத்துல வைக்கோம்" என்றான்.

அண்ணனுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். அருமைநாயகம் வேட்டி சட்டையோடு போனார். ஏசுவடியானும் கூடப் போனார். சபையிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

உடம்பைக் குழியில் இறக்கிய பிறகு சுடலை அவரிடம் வந்தான்.

"ஐயா, அவ சாமிக்குப் பிடிச்ச மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க. எங்களுக்குத் தெரியாது."

அருமைநாயகம் கண்ணை மூடினார். முப்பது வருஷமாக எத்தனையோ குழிகளின் ஓரத்தில் நின்று பேசியவர். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

சுடலையின் பெண்டாட்டி பேச்சியம்மாள் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொன்னாள். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று. முடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அக்கா சாயங்காலம் வெளக்குப் பொருத்துனதும் சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துட்டு. தப்பா இருந்தா வையாதீங்க."

அவர் தப்பில்லை என்று தலையை அசைத்தார். பிறகு குனிந்து ஒரு கை மண் அள்ளிப் போட்டார்.

திரும்பும்போது இருவரும் உப்பள வரப்பில் நடந்தார்கள். பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. பாதி வழியில் ஏசுவடியான் பேசினார்.

"ஐயா, நான் உபதேசியார் வேலையை விட்டுருதேன்."

அருமைநாயகம் நடந்துகொண்டே இருந்தார்.

"கோவத்துல சொல்லலை ஐயா. இந்தச் சபையும் அந்த அம்மா பக்தியும் ஒண்ணுன்னு இத்தனை நாளு நெனச்சேன். ஒண்ணு இல்லை. அங்கி இல்லை, மணி இல்லை, புத்தகம் இல்லை. ஆனா அந்த அம்மாகிட்ட கர்த்தர் இருந்தார். பேச்சியம்மா வாய் வரைக்கும் வந்திருக்காரே. நான் வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கிடுதேன்."

"உமக்குச் சபை வேண்டாமா?"

"அந்த அம்மாவுக்கு வேண்டியிருக்கலையே ஐயா."

வரப்பு முடிந்து அருமைநாயகம் ரோட்டில் ஏறியதும் நின்றார்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஆராதனையை நீரே நடத்தும். அதுக்கப்புறம் விடுறதுன்னா விட்டுரும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தபோது அருமைநாயகம் அங்கி இல்லாமல் வந்தார். கோயிலுக்குள் நுழையவில்லை. சுற்றி நடந்து தெற்கு ஜன்னல் பக்கம் போய், ஈர மணலில் உட்கார்ந்தார். தங்கையா வேகமாக வந்தார்.

"உள்ள வாங்க ஐயா. சனங்க பாக்காங்க."

"பாக்கட்டும்."

"எங்களுக்குக் கேவலமா இருக்கு ஐயா."

அவர் எழுந்திருக்கவில்லை. தங்கையா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏசுவடியான் ஆராதனை நடத்தினார். பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம் எல்லாம் முறைப்படி நடந்தன. கடைசியில் சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. பீடத்தில் நிற்பவர் முன்வரிசைக்காரரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சமாதானம் சொல்வார். அவர் அடுத்தவர் கையைப் பிடித்துச் சொல்வார். அப்படியே கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை போகும். அங்கே முடிந்துவிடும்.

ஏசுவடியான் முன்வரிசைக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் குருவானவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் நீட்டியிருந்தார். சமாதானம் ஜன்னலை ஒட்டியிருந்த கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தங்கையாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஏசுவடியான் ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்கு மேல் கால் போகவில்லை. அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்தது. எல்லாரும் வடக்கு வாசல் வழியாகப் போய்விட்டார்கள். ஏசுவடியான் புத்தகத்தைக்கூட மூடாமல் பூவரசு மரத்தடிக்கு வந்தார். குருவானவர் மணலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"பிரசங்கம் ஒண்ணும் கேக்கலை வே" என்றார். "ஃபேன் சத்தத்துல போயிருது. பாட்டு மட்டும் கேட்டுது. ஆறு வருஷம் நான் பேசுனதுல ஒரு வார்த்தை அவ காதுல விழுந்திருக்காது."

ஏசுவடியான் எதிரே உட்கார்ந்தார்.

"சமாதானம் கொடுக்கையில என்னைப் பாத்தீரா?"

"பாத்தேன் ஐயா."

"அவளையும் பாத்திருப்பீரு."

ஏசுவடியான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்திருக்கேன். அந்த நேரம் எந்திச்சு நின்னு கையை நீட்டிக்கிட்டு இருப்பா. கொஞ்ச நேரந்தான். பொறவு முந்தானையில கையைத் தொடச்சுட்டு ஒக்காந்துருவா."

"எத்தனை தடவை பாத்திருப்பீரு?"

"வாராவாரம்."

"நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லை" என்றார் அருமைநாயகம். "அந்த நேரம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு நிப்பேன்."

பூவரசு இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஏசுவடியான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அதான் ஐயா சொல்லுதேன். நாம கொடுக்கலைன்னா என்ன? கர்த்தர் அவளுக்குக் கொடுத்திருப்பார். அவளுக்கு அவர் போதும். சபை வேண்டாம்."

"கொடுத்திருப்பார்" என்றார் குருவானவர். "அதுல எனக்குச் சந்தேகம் இல்லை."

மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கர்த்தர் அவ வீட்டுலயே இருந்தார். தினமும் பேசினார். அவர் போதும்னா, பத்தொன்பது வருஷம் இங்க வந்து யாருகிட்ட வே கையை நீட்டினா?"

ஏசுவடியான் தலையைக் குனிந்துகொண்டார்.