பிறந்த ஊர் கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் மருதபுரியை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிற சுபாவம் அவனுக்கு. அவன் படையில் வடக்கே பனிமலை நாட்டிலிருந்து வந்த வீரர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். மீசை அரும்புகிற வயதில் வந்தவர்கள், ராஜாவுக்காகச் சண்டை போட்டே கிழவரானார்கள். சிலர் செத்தார்கள், சிலர் தூரத்துக் கோட்டைகளுக்குப் போனார்கள். தலைநகரில் மிஞ்சியவன் தோர்ஜி ஒருவன்தான். ஆற்றோரத்துப் பழைய படைவீட்டில் தனியாகக் கிடந்தான். தெருவில் நடந்தால், "மலையான் போறான்" என்பார்கள். நின்று பேச ஆளில்லை.

அந்த ஆற்றோர நிலத்தின் மேல் தளவாய் கடம்பராயனுக்கு ஒரு கண். மாந்தோப்பு வைக்க ஆசை. ராஜாவின் காதைக் கடித்தான்.

"மகாராஜா, போர்தான் முடிந்துவிட்டதே. அந்நியனுக்கு இங்கே என்ன வேலை?"

"அதுவும் சரிதான்! இந்த நாட்டில் பிறவாதவர்கள் நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டட்டும்!"

தோர்ஜி சபைக்கு ஓடிவந்தான். "மகாராஜா, மலைநாட்டில் என்னை இன்னான் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. நான் எங்கே போவேன்?"

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அமைச்சர் கோவலூரார் எழுந்தார்.

"அரசே, ஆணை என்றால் ஆணை. யாராயிருந்தாலும் விலக்கில்லை என்று தண்டோரா போட்டுவிடலாமா?"

"போடுங்கள்!"

இந்த மனிதராவது பரிந்து பேசுவார் என்று நினைத்திருந்த தோர்ஜி மூட்டை கட்டப் போனான்.

மறுநாள் மூட்டையோடு கோட்டை வாசலுக்கு வந்தால், அங்கே ராஜாவின் பல்லக்கு நிற்கிறது. கட்டுச்சோறு, பெட்டி படுக்கை எல்லாம் தயார். ராஜா முழிக்கிறான்.

"எனக்கெங்கே ஐயா பயணம்?"

"வேங்கைநாட்டுக்கு, அரசே" என்றார் அமைச்சர். "தங்கள் தாய்மாமன் அரண்மனைக்கு. அன்னையாருக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடந்தது? ஆணைப்படி தாங்களும் கிளம்ப வேண்டும்."

கடம்பராயன் குதித்தான். "பிறந்தது எங்கேயானால் என்ன? மகாராஜாவின் ரத்தம் இந்த மண்ணுக்குச் சொந்தம்!"

"நானும் அதைத்தான் சொல்கிறேன், தளவாயாரே." அமைச்சர் தோர்ஜியின் மேல்துணியை விலக்கினார். தோளிலிருந்து இடுப்புவரை ஒரு வடு. "இவன் ரத்தம் எந்த மண்ணில் சிந்தியதாம்?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். வடுவை உற்றுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆற்றங்கரைப் போரில் பட்டதா? கடம்பராயரே, அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?"

"காய்ச்சலாகப் படுத்திருந்தேன், மகாராஜா..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஆற்றோர நிலம் மலைநாட்டு வீரர்களுக்கே, பிள்ளை பேரன் வரைக்கும்! கடம்பராயரே, அந்த மூட்டையை நீரே சுமந்துபோய் இவன் வீட்டில் வையும்" என்றான் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான்.

சேதி கோட்டைகளுக்கெல்லாம் போயிற்று. தோர்ஜி வீட்டைச் செப்பனிட்டு, தினமும் பாதையைப் பார்த்திருந்தான். யாரும் வரவில்லை.

மழைக்காலம் கழிந்து ஒரு மத்தியானம், ஒற்றைக்கண் கிழவன் ஒருவன் தடியூன்றி வந்தான். வாசலில் நின்று மலைநாட்டுப் பேச்சில் ஏதோ கேட்டான். தோர்ஜிக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட எழும்பவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான் தமிழில்.

கிழவனும் தமிழிலேயே சொன்னான்: "இன்னும் இல்லை."